மூன்று நாள் தண்ணீர்

சிமென்ட் காய்ந்துதான் கெட்டியாகிறது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். காய்ந்தால் அது வெடிக்கும். நனைந்துகொண்டே இருந்தால்தான் இறுகும். நனைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் அந்த ஆளைத் தண்ணிக்காரர் என்பார்கள்.

இந்த வீட்டின் தண்ணிக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "தண்ணி அடிக்கிறேன்" என்பார். கேட்டவர் சிரித்தால் அவரும் சிரிப்பார். சிரிக்காவிட்டால், "சுவத்துக்கு" என்று சேர்த்துக்கொள்வார்.

காலை ஏழு மணிக்கு முதல் ஆளாக வருவார். தூண்களைச் சுற்றிக் கட்டிய சாக்குகளை நனைப்பார். மாடித் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கும். மேஸ்திரி போட்ட பென்சில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் கோடு வரை நிரப்புவார். இறங்கியதை மேஸ்திரி முதலில் பார்த்துவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு நேற்றுப் பூசிய சுவர், முந்தாநாள் பூசிய சுவர், நாளைக்கு வைக்கப்போகும் செங்கல். மதியம் ஒரு சுற்று, மாலை ஒரு சுற்று. எந்தச் சுவருக்குத் தாகம் என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நல்ல வீடு. அதை அவர் முதல் வாரமே தெரிந்துகொண்டார். இன்ஜினியர் சின்னப் பெண். சிமென்ட் மூட்டையில் தேதி பார்ப்பாள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் இறக்கவே விட மாட்டாள். மணலைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பாள். மேலே படியும் வண்டலை அளந்து பார்த்து இரண்டு லோடு மணலை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"மாப்பிள்ளை பார்க்க வந்தாலும் இந்தப் பொண்ணு புட்டியில போட்டுக் குலுக்கித்தான் பார்க்கும்" என்றார் மேஸ்திரி.

"குலுக்குவேன் மேஸ்திரி. உங்க காலத்துல அப்படிப் பார்க்காம விட்டதுதான் தப்பு" என்றாள் அவள், புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லாரும் சிரித்தார்கள். தண்ணிக்காரரும் சிரித்தார். ஆனால் அவர் ஓஸ் குழாயோடு தள்ளி நின்றிருந்தார். அவர் சிரித்தது யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பக்கத்தில் வந்தால் ஆட்கள் விலகுவார்கள். பகை ஒன்றும் இல்லை. நனைந்துவிடுவோம் என்றுதான். இருபத்திரண்டு வருடமாக மனிதர்கள் விலகிப் போவதைப் பார்த்துப் பார்த்து, அவரே முந்திக்கொண்டு விலகக் கற்றிருந்தார்.

வீட்டிலும் ஒருவரும் இல்லை. மனைவி மகளின் முதல் பிரசவத்துக்குப் போனவள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தை நடந்தது. இரண்டாவது பிறந்தது. மகள் வேலைக்குத் திரும்பினாள். பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்தான். இப்போது ஆறு வருடம் ஆகிறது. சண்டை இல்லை, பிரிவும் இல்லை. அவள் திரும்பவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் ஆறரைக்குப் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"இனிமேதான்."

"உடம்பு பரவாயில்லையா?"

"பரவாயில்ல."

"சின்னவன் பாத்ரூம்ல இருந்து கூப்பிடறான். வச்சிடட்டா?"

"வை."

அந்த ஆறு வரிகளில் எப்போதாவது ஒரு வரி மாறும்.

பூச்சுக்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை. குளியலறைத் தளத்துக்கும் மொட்டைமாடிக்கும் கசிவு தடுக்கும் பூச்சு பூசுவது அவர் தொழில். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். நான்கு டிரம், ஒரு கட்டு பிரஷ், நிற்காத வாய். அவர் வாசலில் நுழையவும் தண்ணிக்காரரின் ஓஸ் திரும்பவும் சரியாக இருந்தது. சட்டை மார்பு வரை நனைந்துவிட்டது. பூச்சுக்காரர் விலகவில்லை.

"குளிக்காம வந்தேன்னு எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

தண்ணிக்காரர் ஓஸை மடக்கிப் பிடித்துக்கொண்டார். "யாருக்கு யாரு மாமா?"

"பொண்ணு இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. கட்டிக் குடுத்தாச்சு. ரெண்டு பேரப் பசங்க."

"அப்ப லேட்டா வந்துட்டேன். அதுக்காக முறை மாறுமா? மாமா மாமாதான்."

மதியம் படிக்கட்டின் நடுத் திருப்பத்தில் தண்ணிக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூச்சுக்காரர் டப்பாவோடு மேலே ஏறி வந்தார்.

"சுவரு என்ன சொல்லுது மாமா? தள்ளி உட்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார்.

"இதுல ஒரு வாய் எடுத்துப் பாருங்க. என் பொண்டாட்டி சமையல். என் பூச்சு கசிஞ்சாலும் கசியும், இது கசியாது. அவ்வளவு கெட்டி."

அன்று தண்ணிக்காரர் சாப்பிட்டு எழ நாற்பது நிமிடம் ஆனது. வழக்கமாகப் பத்து நிமிடம். இரண்டாம் நாளிலிருந்து அவரும், "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லத் தொடங்கினார். சொன்னதும் வாய்க்கு வித்தியாசமாக இருந்தது. அந்த வாரத்துக்குள் பழகிவிட்டது.

அதன்பின் அவர் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூடியதல்ல. வேலை முடிந்து நடந்து போகும்போது, மறுநாள் மதியம் சொல்வதற்கு விஷயம் சேர்த்தார். தெருமுனைக் கடைக்காரர் தராசுத் தட்டில் தூங்கும் பூனையைக் கிளப்ப மனமில்லாமல் கண்ணளவில் நிறுத்துக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனது. சின்ன விஷயங்கள்தான். பூச்சுக்காரர் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். சிரிக்காதபோதும், "அப்புறம்?" என்று கேட்டார். தண்ணிக்காரரிடம் அப்புறம் என்று யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மேல்மாடிக் குளியலறை கடைசியாக வந்தது. அதன் தளம் மற்ற தளத்தைவிட ஓர் அடி இறக்கிப் போடப்பட்டிருந்தது. அந்தப் பள்ளத்துக்குள்தான் குழாய்கள் ஓடும். பிறகு உடைந்த செங்கலும் சிமென்ட்டும் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். பள்ளத்தை நிரப்பிவிட்டால் கீழே இருக்கும் பூச்சை அப்புறம் யாரும் பார்க்க முடியாது. பூச்சுக்காரர் மூலைகளில் வலைத்துணி வைத்து இரண்டு கை பூசினார். பூச்சு நன்றாகப் பிடித்த ஒரு மாலையில், போக்குக் குழாயில் துணி சுற்றிய மரக்கட்டையை அடைத்து, பள்ளத்தில் அரை அடிக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். தண்ணீர் மட்டத்தில் பென்சில் கோடு போட்டார்கள். பக்கத்தில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதன் உள்ளேயும் ஒரு கோடு.

தண்ணிக்காரர் அப்போது பின்கட்டில் செங்கல் நனைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தண்ணீர் விஷயம் அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லாருமே நினைத்திருக்க வேண்டும். அவர் வேலை பார்த்த வீடுகள் எதிலும் இப்படி ஒரு சோதனை செய்து அவர் பார்த்ததில்லை. பூசினார்கள், மூடினார்கள், போனார்கள்.

பூச்சுக்காரர் மூன்று நாளைக்கு வேறொரு கட்டடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை தண்ணிக்காரர் மேல்மாடிக்கு வந்தார். பள்ளத்தில் தண்ணீர் நின்றது. சுவரில் கோடு இருந்தது. தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே இருந்தது. அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அதுவும் இது மாப்பிள்ளை பூசிய பூச்சு. ஆள் ஊரில் இல்லாத நேரத்தில் காய்ந்து வெடித்துவிட்டால்?

பூச்சில் கீறல் விழக் கூடாது என்று ஓஸின் வாயைக் கையால் பொத்தி, விரலிடுக்கில் மெதுவாகத் தண்ணீர் விட்டார். கோட்டில் சரியாக நிறுத்தினார். மாலையில் மறுபடி இறங்கியிருந்தது. மறுபடி நிரப்பினார். மூன்று நாளில் ஆறு முறை, நான்காம் நாள் காலை வந்ததும் ஏழாவது முறை. பக்கெட்டை மட்டும் தொடவில்லை. பக்கெட் நனைந்து இறுக வேண்டிய பொருள் இல்லை.

அந்தக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள அறையின் மேற்கூரையை அதே வாரத்தில்தான் பூசியிருந்தார்கள். அதற்கும் அவர் மூன்று வேளை தண்ணீர் அடித்தார். கூரை முழுக்க ஈரமாக இருந்தது.

நான்காம் நாள் காலை தண்ணிக்காரருக்கு அடுத்துப் பூச்சுக்காரர்தான் முதலில் மேலே வந்தார். தண்ணிக்காரர் அப்போது மாடி வராந்தா சுவரை நனைத்துக்கொண்டிருந்தார். பூச்சுக்காரர் கோட்டைப் பார்த்தார். பக்கெட்டுக்குள் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார். பிறகு பக்கெட்டைத் தூக்கி ஜன்னல் வழியாகத் தண்ணீரைக் கொட்டினார்.

இன்ஜினியர் வந்தாள். வீட்டுக்காரம்மா கூட வந்தார். மேஸ்திரி பின்னால்.

"ஒரு நூல்கூட இறங்கல" என்றார் பூச்சுக்காரர். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

இன்ஜினியர் குனிந்து பார்த்தாள். "பக்கெட்?"

"கழுவி வச்சிட்டேன் மேடம். கோடே இறங்கல, அப்புறம் பக்கெட் எதுக்கு?"

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வீட்டுக்காரம்மா, "இந்தத் தண்ணி எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"பூச்சு கசியுதான்னு பார்க்கறதுக்கு. மூணு நாள் யாரும் தொடாம விட்டா, கசிவு இருந்தா தண்ணி இறங்கிக் காட்டிடும். கொஞ்சம் ஆவியாவும் போகும். அது எவ்வளவுன்னு தெரிய பக்கத்துல பக்கெட் வைப்போம். இதுக்கு நேர் கீழதான் உங்க கரண்ட் மெயின் போர்டு வருது. அதனாலதான் இந்த பாத்ரூமுக்கு இவ்வளவு பார்க்கறேன்."

"கீழ ரூம்ல கூரை ஈரமா இருந்துதே?"

"அது நம்ம தண்ணிக்காரர் கைவேலைம்மா" என்றார் மேஸ்திரி. "விட்டா மழை பெய்யும்போதும் குடை பிடிச்சுக்கிட்டுத் தண்ணி அடிப்பாரு."

வீட்டுக்காரம்மா திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். தண்ணிக்காரர் ஓஸோடு வராந்தாவில் நின்றார். ஓஸிலிருந்து தண்ணீர் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தது.

"சரி, திறந்து விட்டுடுங்க" என்றாள் இன்ஜினியர். "நாளைக்கு ஒன்பது மணிக்குப் பள்ளத்தை நிரப்ப ஆரம்பிச்சிடலாம்."

பூச்சுக்காரர் மரக்கட்டையைப் பிடுங்கினார். தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. போகும்போது தண்ணிக்காரரின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மதியம் படிக்கட்டில் உட்கார்ந்ததும் தண்ணிக்காரர் டப்பாவைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ளை, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"ஒண்ணுதானா? பரவாயில்லையே."

"அந்தத் தண்ணி. கோடு வரைக்கும் நான்தான் ரொப்பினேன். காலையில, சாயங்காலம். எதுக்குன்னு தெரியாது எனக்கு."

பூச்சுக்காரர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். "தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"பக்கெட்ல நாலு நூல் இறங்கியிருந்தது. பள்ளத்துல இறங்கவே இல்ல. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, மாமா கைங்கரியம்னு." சிரித்தார். "நல்லவேளை, இன்ஜினியர் பொண்ணு கண்ணுல படறதுக்குள்ள கொட்டிட்டேன்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லி? இன்னும் மூணு நாள் நிறுத்தணும். வேற கட்டடத்துல எனக்காக ஆள் காத்துட்டு இருக்கு. நான் பூசினது கசியாது மாமா. கசியாததுக்கு எதுக்கு சோதனை?"

"நான் ஊத்தினது கொஞ்சநஞ்சம் இல்ல. ஒவ்வொரு வேளையும் அரை விரல்."

பூச்சுக்காரர் டப்பாவை மூடினார். "வெயில் ஜாஸ்தி" என்றார். பிறகு தண்ணிக்காரரின் முழங்காலில் கை வைத்தார். "இதப் பாருங்க. அடுத்த வாரம் எனக்குப் பெரிய வேலை. நாப்பது வீடு, வரிசையா. ஒரு வருஷத்துக்குக் குறையாது. எனக்குக் கூட ஒரு ஆள் வேணும். டிரம் கலக்க, பிரஷ் கழுவ. நீங்க வாங்களேன். இங்க சுவத்தோட பேசிட்டு எத்தனை நாள் இருப்பீங்க?"

ஒரு வருடம். தினமும் மதியம். தண்ணிக்காரர் டப்பாவைத் திறந்தார். சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மாலையில் எல்லாரும் போனபின் அவர் மேல்மாடிக்குப் போனார். மரக்கட்டைக்குத் துணி சுற்றிப் போக்குக் குழாயில் அடைத்தார். தண்ணீர் விட்டார். பழைய கோட்டிலேயே நிறுத்தினார். பக்கெட்டைத் தேடி எடுத்துவந்து, நிரப்பி, கோடு போட்டு, அதே இடத்தில் வைத்தார். கசியாது என்றுதான் அவரும் நினைக்க விரும்பினார். இறங்காவிட்டால் காலையில் ஆட்கள் வருவதற்குள் திறந்துவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். அடுத்த வாரம் நாற்பது வீடு.

ஆறரைக்குப் போன் வந்தது.

"சாப்டீங்களா?"

"இனிமேதான். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இங்க ஒரு வேலை..." என்று தொடங்கினார். அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. ஒரு குழந்தை அழுதது.

"ஐயோ, கண்ணாடி. காலை வைக்காத, அங்கயே நில்லு. நாளைக்குப் பேசலாங்க."

"சரி."

காலை ஏழு மணிக்கு அவர் ஓஸைத் தொடாமல் நேராக மாடி ஏறினார். பக்கெட்டில் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இருக்கும், அதுவும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால். பள்ளத்தில் ஐந்து நூல் இறங்கியிருந்தது. மூடியிருந்த கதவு, வெயில் இல்லாத இரவு. அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரூல்தடியை வைத்து மறுபடி அளந்தார். ஐந்துதான்.

எட்டு மணிக்குப் பூச்சுக்காரர் டிரம்களை எடுத்துப்போக வந்தார். மாடி ஏறியவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"என்ன மாமா இது?"

"நேத்து சாயங்காலம் விட்டேன். தொடல. பாருங்க."

பூச்சுக்காரர் பார்த்தார். பள்ளத்தை ஒருமுறை, பக்கெட்டை ஒருமுறை. அவருக்கு ரூல்தடி தேவைப்படவில்லை. முகம் மாறியது. ஓர் எட்டு கீழே வைத்து, குழாய் தளத்துக்குள் இறங்கும் இடத்தில் விரலை விட்டுத் தடவினார்.

"இங்கதான்" என்றார் தனக்குத்தானே. உடனே நிமிர்ந்தார். "சரி. திறந்து விட்டுடலாம். அவ வர்றதுக்கு இன்னும் அரை மணி இருக்கு."

"மாப்பிள்ளை, நீங்களே சொல்லிடுங்க. நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? இந்தப் பொண்ணு ஒண்ணோட விடாது. மொட்டைமாடி, கீழ் பாத்ரூம், எல்லாத்தையும் திரும்ப நிரப்பும். நான் பத்து நாள் இங்கயே கிடக்கணும். நாப்பது வீடும் போச்சு."

"கீழ மெயின் போர்டு வருது."

"ஒரு நாளைக்கு ஒரு சொட்டு. அது போர்டுக்குப் போய்ச் சேர அஞ்சு வருஷம் ஆகும். நாம எங்கேயோ, அவங்க எங்கேயோ."

பூச்சுக்காரர் மற்றக் காலையும் தண்ணீருக்குள் இறக்கினார். தண்ணிக்காரரும் இறங்கினார். முன்னவர் குனிவதற்குள் பின்னவர் மரக்கட்டையின் மேல் காலை வைத்துவிட்டார். யோசித்துச் செய்ததில்லை. கால் போய் அங்கே நின்றது.

"கால எடுங்க மாமா."

"வேணாம் மாப்பிள்ளை."

"எடுங்கன்னா."

"தண்ணி பொய் சொல்லாது. நான்தான் அதைப் பொய் சொல்ல வச்சேன். இன்னொரு வாட்டி என்னால ஆகாது."

இருவரும் கணுக்கால் மூழ்கும் தண்ணீரில் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் தள்ளினால் மற்றவர் விழுந்துவிடுவார். பூச்சுக்காரர் தள்ளவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று பார்த்து அவள் சீக்கிரம் வந்திருந்தாள்.

தண்ணிக்காரர் சொல்ல வேண்டியதைத் தண்ணீரில் நின்றபடியே சொன்னார். ஏழு முறை ஊற்றியது. நேற்று மாலை மறுபடி விட்டுப் பார்த்தது. ஐந்து நூல். ஒரு நூல்.

"உங்களை யாரு ஊத்தச் சொன்னது?" என்றாள் இன்ஜினியர்.

"யாரும் சொல்லலீங்க."

"இவருதான் மேடம் கெடுத்தது" என்றார் பூச்சுக்காரர். "இவரு தொடாம இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். தண்ணிக்காரருக்குத் தண்ணி ஊத்தறதைத் தவிர வேற என்ன தெரியும்?"

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தண்ணிக்காரர் தலையசைத்தார்.

இன்ஜினியர் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு நாள் ஒரு நூல்கூட இறங்காத தண்ணி எங்கயும் கிடையாது. எனக்கே உறைச்சிருக்கணும்." பிறகு தண்ணிக்காரரிடம் கேட்டாள். "அன்னைக்குக் காலையில பக்கெட்ல இறங்கியிருந்துதா? நீங்க பார்த்தீங்களா?"

பூச்சுக்காரர் குனிந்து பிரஷ்களை அடுக்கத் தொடங்கினார்.

"நான் பக்கெட்டைப் பார்க்கலீங்க" என்றார் தண்ணிக்காரர்.

குழாயைச் சுற்றிக் கொத்தி எடுத்ததும் மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தது. பூச்சுக்காரர் அதை அகலமாக்கி, கலவை அடைத்து, காயவிட்டு, மூன்று கை பூசினார். மற்ற இடங்களையும் அவர் பயந்தபடியே இன்ஜினியர் நிரப்பச் சொன்னாள். அங்கெல்லாம் கசிவு இல்லை. வேலை சுத்தமாகத்தான் செய்தார். மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய், தன் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

"என்னப்பா, மாமனுக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு இல்லையா?" என்று மேஸ்திரி கேட்டார். பூச்சுக்காரர் பிரஷ்ஷோடு மாடி ஏறினார், தண்ணிக்காரர் ஓஸோடு பின்கட்டுக்குப் போனார். மேஸ்திரி அதற்கப்புறம் கேட்கவில்லை.

குளியலறையில் மறுபடி தண்ணீர் நிறுத்தினார்கள். இன்ஜினியர் ஒரு பென்சிலைத் தண்ணிக்காரர் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தண்ணிக்கு நீங்கதான் காவல். ஊத்த இல்ல. யாரும் ஊத்தாம பார்க்க. காலையில, மதியம், சாயங்காலம் அளந்து சுவத்துல எழுதுங்க."

மூன்று நாள் அவர் சுற்றுகளுக்கிடையே அங்கே போய் உட்கார்ந்தார். தண்ணீர் அசையாமல் இருந்தது. ஜன்னல் அதில் தெரிந்தது. தாகமெடுத்த சுவர்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, ஒன்றும் செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. சொல்வதற்கு இப்போதும் விஷயம் சேர்ந்தது. வழக்கம் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போகவில்லை. கடைக்காரரின் பூனை குட்டி போட்டிருந்தது, தராசிலேயே.

மூன்றாம் நாள் மாலை பூச்சுக்காரர் மேலே வந்தார். சுவரில் எழுதியிருந்ததைப் படித்தார்.

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"இப்பதான். பத்து நிமிஷம் ஆகல."

"எவ்வளவு?"

"பக்கெட்லயும் நாலு. இங்கயும் நாலு."

"ம்."

அவ்வளவுதான். தண்ணிக்காரர் அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றார். பூச்சுக்காரர் குனிந்து தானே அளந்து பார்த்தார். நான்குதான். இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, கீழே போய்க் காய்ந்திருந்த கூரையை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள். பூச்சுக்காரர் கட்டையைப் பிடுங்கினார்.

டிரம்களை இறக்குவதற்குத் தண்ணிக்காரர் கை கொடுக்கப் போனார். நான்கில் ஒன்று எடுத்து வாசல் வரை கொண்டுவந்தார். பூச்சுக்காரர் அதை அவர் கையிலிருந்து வாங்கி வண்டியில் வைத்தார். வாங்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் பிடுங்கவும் இல்லை.

"அந்த நாப்பது வீடு?" என்று தண்ணிக்காரர் கேட்டார்.

"வேற ஆளுக்குப் போயிடுச்சு."

"ஓ."

"கிடைக்கும் வேற." கயிற்றை இழுத்துக் கட்டினார். "பக்கெட் விஷயம் ஏன் சொல்லல?"

தண்ணிக்காரர் தொங்கிய கயிற்று நுனியை எடுத்துக் கொடுத்தார். "கசிவு தண்ணி விஷயம், சொல்லிட்டேன். பக்கெட் நம்ம ரெண்டு பேர் விஷயம்" என்றார்.

பூச்சுக்காரர் முடிச்சைச் சோதித்துப் பார்த்தார். பிறகு வண்டியின் பக்கம் திரும்பினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, நேற்றுப் பூசிய மதில் சுவர் நுனியில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. தண்ணிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். வண்டி கிளம்பும் வரை நிற்க வேண்டும் என்று தோன்றியது. நிற்பதற்கு இனி காரணம் இல்லை. போய்க் குழாயைத் திறந்தார்.

மதிலின் முதல் பாதியை நனைத்து முடிக்கும்போது பின்னால் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. ஓஸின் நீளம் கடைசி மூலைக்கு எட்டவில்லை. மணல் குவியலைச் சுற்றி அதை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனார்.